வீடு யாருக்கு உரியது?

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை நோக்கிச் செல்லும் பெருந்தெரு, கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக அமைந்த ஒடுங்கிய நிலத்தின் மேல் தெற்கு நோக்கி நீண்டு செல்கிறது. அத்தெருவில் கிரான்குளத்தையும் குருக்கள்மடத்தையும் கடந்தால் செட்டிபாளையத்தை அடைவோம். சூரியன் எழும் பக்கமாகிய இந்தக் கரைக்கு எழுவான்கரை என்று பெயர். வாவிக்கு அப்பால் வயல்கள் விரிந்து கிடக்கும் கரை படுவான்கரை.

இப்பகுதியில் ஒரு வளவின் முன் நின்று, "இது யாருடைய வீடு?" என்று வழிப்போக்கர் ஒருவரை வினவினால், அவர் அவ்வீட்டில் வாழும் ஆண்மகனின் பெயரையே சொல்வார். பெட்டிக்குள் இருக்கும் உறுதியை எடுத்து விரித்துப் பார்த்தாலோ, பல வேளைகளில் அதில் மனைவியின் பெயர் இருக்கும். அவளுக்கு அது தாய் தந்தையர் எழுதிக்கொடுத்த சீதனம். அவளுடைய தாய்க்கும் அவ்வாறே ஒரு வீடு சீதனமாக வந்திருக்கும். வாயால் சொல்லும் பெயர் ஒன்று, எழுத்தில் இருக்கும் பெயர் வேறொன்று. இந்தச் சிறு வேறுபாட்டுக்குள் சமூக நீதியைப் பற்றிய பெரியதொரு வினா அடங்கியிருக்கிறது. அதனை அறிஞர்கள் எவ்வாறு நோக்கினர் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் வழக்கத்தை விளங்கிக்கொள்வோம். மட்டக்களப்புப் பகுதியில் குடி என்பது தாய்வழியாக வருவது. ஒருவன் தன் தாயின் குடியைச் சேர்ந்தவனேயன்றித் தந்தையின் குடியைச் சேர்ந்தவன் அல்லன். ஒரே குடியிற் பிறந்தோர் தம்முள் மணம் செய்வதில்லை. கோயில்களில் வண்ணக்கர் பதவியும் திருவிழா உரிமைகளும் குடி முறையைத் தழுவியே பல இடங்களில் வகுக்கப்பட்டுள்ளன. காத்தான்குடி, அக்கரைப்பற்று முதலிய ஊர்களில் வாழும் முஸ்லிம் மக்களிடத்தும் தாய்வழிக் குடி முறை உண்டு. அவர்களும் மகளுக்கே வீடு கொடுக்கிறார்கள். சமயம் வேறாயினும் வீட்டு முறை ஒன்றாக இருப்பது கவனிக்கத்தக்கது.

மணம் முடிந்ததும் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து வாழத் தொடங்குகிறார். பெண்ணின் பெற்றோர் சில காலம் அவர்களோடு இருந்து, பின்னர் அவ்வீட்டை மூத்த மகளுக்கே விட்டுவிட்டு, அதே வளவிலோ அயலிலோ இரண்டாம் மகளுக்கென்று மற்றொரு வீடு கட்டி அதற்குப் பெயர்கின்றனர். அவளுக்கும் மணமாகிவிட்டால் மீண்டும் ஒரு பெயர்ச்சி. கடைசி மகளையும் கரை சேர்த்த பின் அந்த முதியவர்கள் வளவின் ஓரத்தில் ஒரு சிறு குடிலில் இருப்பதும் உண்டு. தாயும் தமக்கையும் தங்கையும் கூப்பிடு தூரத்தில் வாழ்கின்றனர். பிள்ளைப்பேறு, நோய், கணவனின் கோபம் ஆகிய எதுவாயினும் ஒரு பெண் தனித்து நிற்பதில்லை. அந்நியர் வீட்டுக்குள் நுழைந்தவள் அவள் அல்லள்; நுழைந்தவர் மாப்பிள்ளையே.

இவ்வழக்கம் தோன்றிய வரலாறும் சுவையானது. பழைய முக்குவர் சட்டத்தின்படி, ஒருவனுடைய முதுசொம் அவன் பிள்ளைகளைச் சேராது அவன் சகோதரியின் பிள்ளைகளைச் சேர்ந்தது. மட்டக்களப்பிலும் புத்தளத்திலும் வழங்கிய இம்முறையை ஆராய்ந்து 1876ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டவர் கிறிஸ்தோபர் பிரித்தோ. யாழ்ப்பாண வைபவமாலையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1879இல் வெளியிட்டவரும் இவரே. ஒரு சட்டத்தை எழுத்தில் வடித்து முடித்த அதே ஆண்டில் அச்சட்டம் நீங்கிவிட்டது என்பது அவருக்கு நேர்ந்த விந்தை. பிரித்தானிய அரசாங்கம் 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தை இயற்றியது. கண்டியச் சட்டத்துக்கு உட்பட்டோர், முஸ்லிம்கள், தேசவழமைக்கு உட்பட்ட யாழ்ப்பாணத் தமிழர் ஆகியோர் அதற்குப் புறம்பாக விடப்பட்டனர். மட்டக்களப்புத் தமிழர் விடப்படவில்லை. அவர்கள் நாட்டின் பொதுச் சட்டத்தின் கீழ் வந்தனர். அதன்படி இறுதி விருப்பாவணம் எழுதாமல் ஒருவர் இறப்பின், எஞ்சியிருக்கும் வாழ்க்கைத் துணைக்குப் பாதியும், பிள்ளைகளுக்கு ஆண், பெண் வேறுபாடின்றி மறு பாதியும் சேரும்.

பழைய மருமக்கள் முறை நீங்கியது அநீதியா, நீதியா? இவ்வினாவுக்கு விடை தேடக் கடல் கடந்து நாஞ்சில் நாட்டுக்குப் போய் வரலாம். அங்கே வேளாளரிடத்து வழங்கிய மருமக்கள்வழி முறையினால், கணவன் இறந்ததும் அவன் மனைவியும் மக்களும் ஆதரவற்று நின்றனர். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவர்கள் மருமக்கள்வழி மான்மியத்தை ஒரு பெண்ணின் வாய்மொழியாகவே பாடி அந்தக் கொடுமையை எள்ளி நகையாடினார். 1926ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் அரசு அம்முறையைச் சட்டத்தால் மாற்றியது. எனவே தாய்வழி என்று பெயர் பெற்றதனால் மட்டும் ஒரு முறை பெண்ணுக்கு நன்மை செய்துவிடாது. சகோதரியின் மகனுக்குச் சொத்துப் போவது ஒன்று. தன் மகளுக்கே வீடு போவது முற்றிலும் வேறொன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வோர் பலர்.

மட்டக்களப்பில் நிகழ்ந்தது யாது? 1969ஆம் ஆண்டு முதல் அக்கரைப்பற்றுப் பகுதியில் தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியற் பேராசிரியர் டெனிஸ் மக்கில்வ்ரே, தம் நூல்களிலே இதனை விளக்குகிறார். மருமக்கள் முறை சட்டத்திலிருந்து மறைந்த பின், தாய்வழிச் சொத்துரிமை சீதனத்தின் வடிவில் நிலைபெற்றது. பெற்றோர் இறக்கும் வரை காத்திராமல், மகளின் மணத்தின்போதே வீட்டையும் வயலையும் நொத்தாரிசு முன்னிலையில் எழுதிக் கொடுத்துவிட்டனர். இறந்த பின் சமமாகப் பங்கிடு என்று சட்டம் சொன்னது. பங்கிடுவதற்கு எஞ்சியிருந்தது சொற்பமே. சட்டத்தை மீறாமலே மக்கள் தங்கள் வழக்கத்தைக் காத்துக்கொண்டனர். 1923ஆம் ஆண்டின் மணமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டம், பொதுச் சட்டத்துக்கு உட்பட்ட மனைவியர் தம் சொத்தைக் கணவனின் சம்மதமின்றியே விற்கவும் கொடுக்கவும் இடமளித்தது. யாழ்ப்பாணத் தமிழருக்கென 1911இல் இயற்றப்பட்ட சட்டமோ, மனைவி தன் காணியைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று விதித்தது. தன் மரபுச் சட்டத்தை இழந்த மட்டக்களப்புப் பெண், அதனைக் காத்துக்கொண்ட யாழ்ப்பாணப் பெண்ணைவிட இந்த ஒரு துறையில் முன்னின்றாள்.

இனி, நியாயம் என்னும் வினாவுக்கு வருவோம். ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தந்தை முதுமையடைந்துவிட்டார். மூத்த மகன் பத்து ஆண்டுகள் வளைகுடா நாடொன்றில் வெயிலில் உழைத்து அனுப்பிய பணத்தாலே கல்வீடு ஒன்று எழுந்தது. மூத்த மகள் மணமாகி அவ்வீட்டில் இருக்கிறாள். பெற்றோரைப் பேணுபவளும் அவளே. இளைய மகளுக்கு இன்னும் ஒன்றும் இல்லை. வீடில்லாமையால் வரனும் அமையவில்லை. இவ்வீடு யாருக்கு உரியது? கட்டியவனுக்கா, வாழ்ந்து பேணுபவளுக்கா, இல்லாதவளுக்கா?

அமர்த்தியா சென் அவர்கள் 2009இல் வெளியிட்ட நீதியைப் பற்றிய நூலில் இத்தகைய கதையொன்றைக் கூறுகிறார். ஒரு புல்லாங்குழலுக்கு மூன்று பிள்ளைகள் உரிமை கோருகின்றனர். ஒரு பிள்ளைக்கு மட்டுமே வாசிக்கத் தெரியும். ஒன்று விளையாட்டுப் பொருள் எதுவுமில்லாத ஏழைப் பிள்ளை. மற்றொன்று அதனைத் தன் கையாற் செய்த பிள்ளை. பயனைக் கருதுவோர் முதற் பிள்ளைக்கும், ஏற்றத்தாழ்வைப் போக்க விரும்புவோர் இரண்டாம் பிள்ளைக்கும், உழைப்பின் உரிமையைப் போற்றுவோர் மூன்றாம் பிள்ளைக்கும் தீர்ப்பளிப்பர். மூன்றும் நேர்மையான தீர்ப்புகளே. ஒன்று நீதி, மற்றவை அநீதி என்று தள்ளிவிட முடியாது என்பது சென்னின் கருத்து. அவர் வடமொழியிலிருந்து நீதி, நியாயம் என்னும் இரு சொற்களை எடுத்து, விதிகளும் நிறுவனங்களும் ஒழுங்காக அமைந்திருப்பதை முன்னதாகவும், மாந்தர் உண்மையில் எவ்வாறு வாழ்கின்றனர் என்பதைப் பின்னதாகவும் பிரித்துக் காட்டுகிறார். ஆங்கில நூலைப் படிப்போர் இவ்விரு சொற்களையும் புதிதாகக் கற்க வேண்டும். நம்மவர்க்கோ இரண்டும் அன்றாட வழக்கில் உள்ளவை. வழக்கு மன்றத்தில் நீதி கேட்பவரே, அயல் வீட்டுக்காரரிடம் நியாயம் கேட்கிறார்.

சென்னுக்கு முன், 1971ஆம் ஆண்டில், ஜோன் றோல்ஸ் என்னும் அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் வேறொரு சோதனையை முன்வைத்தார். ஒரு சமூகத்தின் விதிகளை வகுப்போர், தாம் அச்சமூகத்தில் எந்த நிலையிற் பிறக்கப்போகிறோம் என்பதை அறியாதவராக ஒரு திரைக்குப் பின்னால் இருப்பதாக வைத்துக்கொள்க. அப்போது அவர்கள் தேர்ந்தெடுக்கும் விதியே நேர்மையானது என்றார் அவர். இச்சோதனையை நம் ஊருக்குக் கொண்டு வந்தாற் சற்றுச் சங்கடமாக இருக்கும். மகளாகப் பிறப்போமா, மகனாகப் பிறப்போமா என்று அறியாத ஒருவர் மட்டக்களப்பு முறையை ஒருவேளை விரும்பி ஏற்கலாம். மகனுக்குத் தாய்வீடு இல்லாவிடினும் மனைவி வீடு உண்டு. ஆனால் போடியார் வீட்டிற் பிறப்போமா, அவர் வயலில் கூலிக்கு உழைப்பவரின் குடிசையிற் பிறப்போமா என்பதும் தெரியாது என்றால்? போடியாரின் மகளுக்கு வீட்டோடு பல ஏக்கர் வயலும் வரும். உழைப்பாளியின் மகளுக்கு ஓலைக் குடிலும், தகப்பன் பட்ட கடனுமே வரலாம். வழக்கம் இருவருக்கும் ஒன்றுதான், வாழ்வு ஒன்றன்று. குத்தகைப் பயிர்ச் செய்கையாளருக்குப் பாதுகாப்பு அளிக்க முயன்ற 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் இக்குறையின் ஒரு பக்கத்தைத் தொட்டது. சீதனத்தின் பக்கத்தை எந்தச் சட்டமும் தொடவில்லை.

ஆண்மகனின் முறைப்பாட்டையும் கேட்க வேண்டும். தங்கையர் மூவரையும் கரை சேர்க்கும் வரை தன் மணத்தைத் தள்ளிப்போட்டு நரைத்துப்போன தமையன்மார் இவ்வூர்களில் அருமையல்லர். அவர்கள் கொடுத்தது பாசத்தினால். எனினும், கொடுக்காமல் இருக்க அவர்களுக்கு வழியும் இல்லை. வீடு கொடுக்கும் வழக்கத்தை மெச்சி எழுதுவோர், அவ்வீட்டின் கல்லை யார் சுமந்தார் என்பதையும் ஓரிரு வரிகளில் எழுதியிருக்கலாம் என்று எனக்குப் பலமுறை தோன்றியதுண்டு.

பெண்ணின் பக்கத்திலும் எல்லாம் நிறைவாக இல்லை. இந்தியப் பொருளியல் அறிஞர் பீனா அகர்வால், 1994இல் வெளிவந்த தம் பெருநூலில் தென்னாசியப் பெண்களின் நில உரிமையை ஆராய்ந்தபோது, சொத்தின் உடைமை வேறு, அதன் ஆட்சி வேறு என்று வற்புறுத்தினார். பெயர் அவளுடையது, நெல்லை எப்போது விற்பது, எவ்விலைக்கு விற்பது, காணியை ஈடு வைப்பதா என்பவற்றைத் தீர்மானிப்பவர் வேறொருவராக இருக்கலாம். எனினும் உடைமை வீணன்று. தன் பெயரில் நிலமுள்ள பெண் குடும்பத்துக்குள் பேசும்போது அவள் சொல்லுக்கு நிறை அதிகம். தன்னைத் துரத்த முடியாது என்பதை அவளும் அறிவாள், எதிரில் இருப்பவரும் அறிவார்.

கஞ்சனா ருவன்புர என்னும் இலங்கை ஆராய்ச்சியாளர் இதனினும் ஒரு படி கடுமையாகப் பேசுகிறார். கிழக்கிலங்கையில் தமிழ், முஸ்லிம், சிங்களப் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களை ஆராய்ந்து 2006இல் அவர் வெளியிட்ட நூல், தாய்வழிச் சமூகம் என்றதும் அது பெண்களின் சொர்க்கம் என்று எண்ணுவோரின் மயக்கத்தைக் கலைக்கிறது. வீடு பெண்ணுடையதாக இருக்கலாம். கூலி வேலைக்குப் போனால் அவளுக்குக் குறைந்த கூலி. கோயிலிலும் ஊர்க் கூட்டத்திலும் பேசுபவர் ஆண். யுத்த காலத்திற் கணவனை இழந்தோ பிரிந்தோ பிள்ளைகளோடு நின்ற பெண்ணுக்குச் சுவர் நான்கு இருந்தன; அடுப்பு எரிய வழி இல்லை.

இவ்விரு பார்வைகளையும் எதிரெதிராக நிறுத்தி எது வென்றது என்று கேட்பது பயனற்றது. நான்கு சுவர்கள் போதா என்பது உண்மை. அவையும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையே பின்வந்த நிகழ்ச்சி காட்டியது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலையில் கடல் எழுந்தது. இலங்கை முழுவதிலும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். கிழக்குக் கரையோரத்தில் வீடுகள் அத்திவாரத்தோடு பெயர்ந்தன. பெண்களே பெருந்தொகையாக இறந்தனர். உறுதிப் பத்திரங்களும் கடலோடு போயின. அதன் பின் வடக்கு, கிழக்குக் கரையோரங்களில் இருநூறு மீற்றர் தூரத்துக்குள் வீடு கட்டலாகாது என்று அரசு முதலில் அறிவித்தது. பின்னர் அவ்வெல்லை தளர்த்தப்பட்டது. அரசும் பல நாட்டுத் தொண்டு நிறுவனங்களும் புதிய வீடுகளைக் கட்டிக் கொடுத்தன. நல்லெண்ணத்திற் குறை கூற இடமில்லை. ஆனால், வீட்டைப் பதியும்போது படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: குடும்பத் தலைவர் யார்?

அக்கேள்விக்கு ஊர் வழக்கப்படி ஆண்மகனின் பெயரே விடையாயிற்று. நாம் தொடக்கத்திற் கண்ட வழிப்போக்கர் சொன்ன விடைதான் அது. முன்பு அந்த விடையால் எவருக்கும் நட்டம் இல்லை. உறுதி பெட்டிக்குள் இருந்தது. இப்போது அந்தச் சொல்லே உறுதியாக எழுதப்பட்டது. பல இடங்களில், தாயின் சீதன வீட்டை இழந்த பெண்ணுக்கு ஈடாக வந்த வீடு அவள் கணவனின் பெயரிற் பதிவாயிற்று. அவளுடைய சொத்து கடலினால் அழிந்தது ஒரு முறை. படிவத்தினால் கைமாறியது மறு முறை. படிவத்தை எழுதிய அதிகாரியிடம் வஞ்சனை இல்லை. நாடு முழுவதற்கும் பொருந்தும் ஒரே விதியை அவர் ஒழுங்காகப் பின்பற்றினார். சென் கூறும் நீதி அங்கே குறைவின்றி நிறைவேறியது; நியாயந்தான் விடுபட்டுப்போயிற்று.

மற்றொரு சிக்கலும் எழுந்தது. ஒரே வளவில் தாய்க்கும் மூன்று மகள்மாருக்குமாக நான்கு வீடுகள் இருந்திருக்கலாம். புதிய குடியிருப்புகளில் வீட்டுக்கு வீடு எண் இடப்பட்டு, ஒருவருக்கு ஓரிடத்திலும் அடுத்தவருக்கு வேறிடத்திலுமாக ஒதுக்கப்பட்டபோது, கூப்பிடு தூரம் பேருந்துப் பயணமாயிற்று. மணமாகாத மகளுக்கென்று பெற்றோர் பாதி கட்டி வைத்திருந்த வீடு எந்தக் கணக்கிலும் சேரவில்லை. அதில் குடும்பம் வாழவில்லையே! மக்கில்வ்ரேயும் பட்ரீசியா லோறன்ஸும் சுனாமிக்குப் பின் இப்பகுதியை ஆராய்ந்தபோது, கிடைத்த வீட்டைத் தாம் அனுபவிப்பதைவிட மகளுக்குச் சீதனமாக்குவது எப்படி என்பதே பெற்றோரின் கவலையாக இருந்ததைக் கண்டனர். தங்களுக்குத் தரப்பட்ட வீட்டுக்குள் மணமான மகளைக் குடியேற்றிவிட்டுத் தாய் தந்தையர் வெளியே பெயர்ந்தால், உதவி பெற்றவர் அதில் வாழவில்லை என்று மேற்பார்வையாளர் முறையிடக் கூடும். வளவின் ஓரத்தில் குடில் போட்டுக்கொள்ளும் முதியவரின் வழக்கத்தை எந்தப் படிவமும் அறிந்திருக்கவில்லை.

இது சுனாமியோடு தோன்றிய குறையும் அன்று. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரச காணிகள் அனுமதிப்பத்திரத்தின் மூலம் மக்களுக்கு வழங்கப்பட்டன. கல்லோயாத் திட்டம் முதலாகக் கிழக்கில் எழுந்த குடியேற்றங்களில் இச்சட்டத்தின் செல்வாக்குப் பெரிது. காணி துண்டாகக் கூடாது என்னும் நல்ல நோக்கத்தினால், பின்னுரித்தாளி நியமிக்கப்படாதபோது ஒருவரே அதனைப் பெற வேண்டும் என்று விதித்த அச்சட்டம், அந்த ஒருவரைத் தெரியும் வரிசையில் மகளுக்கு முன் மகனை வைத்தது. எந்த நாட்டிலிருந்து அவ்வரிசை வந்ததோ, வாவிக்கரையின் வழக்கம் அதனை எழுதியவர்களின் கண்ணிற் படவேயில்லை. தனியார் உறுதிக் காணி மகளுக்கும், அரச அனுமதிக் காணி மகனுக்குமாக, ஒரே குடும்பத்துக்குள் இரண்டு நியாயங்கள் பல்லாண்டு நிலவின. ஆண்களுக்கு முன்னுரிமை தரும் அந்த வரிசையை நீக்கும் திருத்தம் 2022ஆம் ஆண்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. எண்பத்தேழு ஆண்டுகள்! இடையில் ஒரு தலைமுறையின் மகள்மார் பாட்டிமாராகிவிட்டனர்.

சட்டம் திருந்தியதாற் கைமாறிய காணிகள் திரும்பி வாரா. எனினும் கரையோர ஊர்களிற் சுனாமி வீடுகளைப் பெற்ற குடும்பங்களின் பிள்ளைகள் இப்போது மணப்பருவம் எய்தி வருகின்றனர். அவ்வீடுகளிற் பல தந்தையின் பெயரில் இருக்கின்றன. மகளுக்கு வரன் பேசும்போது, "வீடு பிள்ளைக்குத்தானே?" என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்பர். தாய் தலையசைப்பாள். கையொப்பமிட வேண்டியவர் தந்தை.